வகுப்பறைக்குள் வராத மதிப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளை எதிர்த்து, அதே மாதம் 9ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் அப்போது பேச்செல்லாம் துணைவேந்தர் நியமனத்தைப் பற்றியே இருந்தது. அதே வரைவில், கல்லூரி ஆசிரியரை எப்படி எடைபோடுவது என்று ஒரு பகுதி இருந்தது. ஒன்பது வகைப் 'பங்களிப்புகள்' சொல்லி, அவற்றில் குறைந்தது நான்கைக் காட்டினால்தான் நியமனமும் பதவி உயர்வும் என்றார்கள். ஒன்பதில் ஒன்று, ஸ்டார்ட்-அப் நிறுவனம் தொடங்கியிருப்பது! அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவர் பேலன்ஸ் ஷீட் சொல்லிக் கொடுத்தால் போதாது, சொந்தமாக ஒன்று போட்டும் காட்ட வேண்டும் போலிருக்கிறது. இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆசிரியர் சங்கங்களும் போதிய அளவு பேசவில்லை என்பதே என் வருத்தம்.

இந்தக் கூத்து 2010இல் ஆரம்பித்தது. ஏ.பி.ஐ. என்ற புள்ளிக் கணக்கு அந்த ஆண்டு விதிகளோடு வந்தது. பன்னாட்டுப் பதிப்பகத்தில் புத்தகம் வந்தால் 50 புள்ளி, தேசிய அளவிலான பதிப்பகம் என்றால் 25, உள்ளூர்ப் பதிப்பகம் என்றால் 15. கட்டுரைக்குத் தனிப் புள்ளி, கருத்தரங்குக்குத் தனிப் புள்ளி. புள்ளி தேவைப்பட்டது, ஆகவே புள்ளி விற்கிறவர்களும் வந்தார்கள். பணம் கட்டினால் எதையும் அச்சிட்டுத் தரும் 'ஆய்விதழ்கள்' தெருவுக்குத் தெரு முளைத்தன. கடைசியில் 2018 மே மாதம் மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியில் நீக்கியது. அந்த இதழ்களைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் வாங்கியதுதான். பிறகு தரமான இதழ்களுக்கென்று 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தக் கணக்கின் லட்சணம் சொல்லாமலே புரியும். ஆய்வாளர் நா. வானமாமலை எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இல்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார், பின்னர் 'ஆராய்ச்சி' இதழை நடத்தினார். தமிழ்நாட்டில் சமூக வரலாறும் நாட்டார் வழக்காறும் படித்தவர்களில் அந்தக் குழுவுக்குக் கடன்படாதவர்கள் குறைவு. தொ. பரமசிவன் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். அவருடைய 'அறியப்படாத தமிழகம்' போன்ற ஒரு புத்தகத்துக்கு ஏ.பி.ஐ. கணக்கில் அதிகம் போனால் உள்ளூர்ப் பதிப்பகத்தின் 15 கிடைத்திருக்கும். நல்லவேளை, 2010க்கு முன்பே அவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

ஏ.பி.ஐ. சரியில்லை என்று தெரிந்து 2018 விதிகளில் கல்லூரிகளுக்குச் சற்று எளிமைப்படுத்தினார்கள். அதன்படி ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் எடுத்தால் 'நன்று', 70க்குக் குறையாமல் எடுத்தால் 'திருப்தி', அதற்கும் கீழே போனால் 'திருப்தியில்லை'. கற்பித்தலுக்கு மானியக் குழு வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான். வகுப்புக்குப் போனாரா என்று கேட்கிறது. போய் என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

எங்கள் கல்லூரிகளில் யார் படிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்கோட்டை ரயிலில் கீழக்கடையம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஏறி வரும் பிள்ளைகள். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள். வீட்டில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பார்த்து மிரண்டுபோவார்கள். அவர்களுக்கு லிமிட் என்றால் என்ன என்பதைத் தமிழில் சொல்லி, படம் போட்டு, திரும்பவும் சொல்லி, மூன்றாம் செமஸ்டருக்குள் தானாகவே ஆங்கிலத்தில் விடை எழுத வைக்கிற ஆசிரியைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. பழுப்பேறிய நோட்டை விரித்து வரிவரியாக டிக்டேஷன் கொடுக்கிறவருக்கும் அந்த ஆசிரியைக்கும் ஒரே 'நன்று'. ஆம், டிக்டேஷன்காரர்களும் இருக்கிறார்கள். சக ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் உண்மை அதுதான்.

மாணவரிடம் ஃபீட்பேக் வாங்குகிறோமே என்பார்கள். இன்டர்னல் மதிப்பெண் போடுகிற கையைப் பார்த்துக்கொண்டு, துறைத்தலைவர் அறையிலே உட்கார்ந்து நிரப்புகிற படிவத்தில் எவ்வளவு உண்மை இருக்கும்? கனடாவில் டொரண்டோ நகரில் அப்போது ரயர்சன் எனப்பட்ட பல்கலைக்கழகத்தில் இதே சிக்கல் நடுவர் வரை போனது. மாணவர் கருத்துப் படிவத்தை வைத்துக் கற்பித்தல் திறனை அளந்து பதவி உயர்வை முடிவு செய்யக் கூடாது என்று 2018இல் தீர்ப்பு வந்தது. இங்கே அதே படிவத்தைக் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது காட்டுவதற்காகச் சுருக்கி, வண்ண வரைபடமாக்கி, சுவரில் ஒட்டுகிறோம். அப்படிப்பட்ட நாக் ஆய்வுக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்களையே லஞ்ச வழக்கில் 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது.

காகிதத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட செய்தி போதும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். ஆய்வுக் குழுக்கள் போய்வந்து, கையெழுத்துப் போட்டு, அனுமதியும் கொடுத்திருந்தன. யாராவது ஒரு நாள் வகுப்பறைக் கதவைத் தள்ளிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. அரசு கலைக் கல்லூரிகளில் பாடத்தின் பெரும்பங்கைச் சுமக்கிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். தமிழ்நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல். நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள் பலர். 2025 நிலவரப்படி மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதம். ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் வேலை நீடிக்குமா என்று பயந்துகொண்டிருப்பவரிடம் ஆய்வுக் கட்டுரையும் ஃபீட்பேக்கும் கேட்பது மதிப்பீடு ஆகாது. தகுதி காட்டியவர்களுக்கும் நிலைமை ஒன்றும் செழிப்பாக இல்லை. 2021 ஜனவரி 11ஆம் தேதியிட்ட அரசாணை எண் 5இன்படி சி.ஏ.எஸ். என்ற பணிமேம்பாட்டுத் திட்டத்தின் பதவி உயர்வுக்கான பணப்பயனைக் கேட்டு, உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களும் மூட்டா, ஏ.யு.டி. ஆசிரியர் சங்கங்களும் வெயிலில் உட்கார்ந்தது ஊரறிந்த விஷயம். படிவத்தை நிரப்பு, சான்றிதழை இணை, நேர்காணலுக்கு வா, ஆனால் சம்பளத்தை மட்டும் கேட்காதே என்றால் யார்தான் அந்தப் படிவத்தை மதிப்பார்கள்?

மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் மூன்று ஆண்டு எங்கள் கையில் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவர் வகுப்பறைக்குள் வந்து கேட்கட்டும். வேறு கல்லூரியிலிருந்து அதே பாடத்தில் மூத்த ஆசிரியர் இருவர், செமஸ்டருக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து, கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அந்த ஆசிரியர் எடுத்த கேள்வித்தாளையும் திருத்திய விடைத்தாள்களில் பத்தையும் வாங்கிப் பார்க்கட்டும். படித்து முடித்து இரண்டு ஆண்டு ஆன மாணவர்களிடம் கருத்துக் கேட்கட்டும், அவர்களுக்கு இன்டர்னல் மார்க் பயம் கிடையாது. குறை இருந்தால் முதலில் அந்த ஆசிரியரிடம் மட்டும் சொல்லி, ஓர் ஆண்டு அவகாசம் கொடுக்கட்டும்.

1990இல் இந்த மண்ணின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் விருப்பம் தெரிவிக்கும் கல்லூரிகளில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். வழிச்செலவும் மதியச் சாப்பாடும் தவிரப் பெரிய செலவில்லை. டெல்லியிலிருந்து புதிய விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பல்கலைக்கழக வளாகம் உள்ள அபிஷேகப்பட்டியில் அடுத்து நடக்கும் சிண்டிகேட் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பல்கலைக்கழக நிர்வாகத்தையும், சி.ஏ.எஸ். பாக்கியையும் கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தையும் அதற்கு முன்பே தீர்க்குமாறு உயர்கல்வித் துறையையும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.