மூவருக்கு ஒரு கணினி

"பிள்ளை எந்நேரமும் கணினியின் முன்னேயே இருக்கின்றான்" என்று குறைகூறும் பெற்றோர் கல்கிசையிலும் உளர், வெள்ளவத்தையிலும் உளர். அவன் நிரலாக்கப் போட்டி ஒன்றிற்குப் பயில்கின்றான் என்றறிந்தால் அக்குறை பாதி தணியும். அப்போட்டி எத்தகையது? அதிற் புகுவார் முதலிற் கற்க வேண்டியது யாது? இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

1970 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்தது ஐ.சி.பி.சி. எனும் பல்கலைக்கழகப் போட்டி. அணிக்கு மூவர், நேரம் ஐந்து மணி, கணினியோ ஒன்றே. மிகுதியான கணக்குகளைத் தீர்த்த அணி முந்தும். எண்ணிக்கை ஒத்திருப்பின் குறைந்த நேரம் கொண்ட அணி வெல்லும். தீர்த்த கணக்கிற்கு முன்னர்ப் பிழையான விடை அனுப்பியிருந்தால், ஒவ்வொன்றிற்கும் இருபது நிமிடம் தண்டமாகச் சேரும். ஆகவே அவசரக்காரனுக்கு அங்கே இடமில்லை.

2006 இல் தொடங்கிய ஐ.இ.இ.இ. எக்ஸ்ட்ரீம் போட்டியோ 24 மணி நேரம் நீள்வது. அதிலும் அணியில் மூவர் வரை சேரலாம். யார் எப்போது உறங்குவது என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்தல் வேண்டும்!

இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகின்றனர். அறிவுக் குறைவு காரணமன்று. உயர்தரப் பரீட்சையில் மாவட்ட அடிப்படையிலும் பல்கலைக்கழக இடங்கள் பகிரப்படுகின்றன. அடுத்த மேசையில் இருப்பவனே போட்டியாளன். ஆதலின் கொப்பியை மறைத்துப் படித்தே பழகிவிட்டனர். அப்பழக்கத்துடன் மூவர் ஒரு கணினியின் முன் அமர்ந்தால், ஒருவன் தட்டச்சுச் செய்ய இருவர் வாளா இருப்பர்.

தொடங்க விரும்புவோர்க்கு நாம் கூறும் வழி எளியது. இரு தோழரைத் தேடிக்கொள்க. பழைய போட்டிக் கணக்குகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவர் ஆங்கில வினாவை வாசித்துத் தமிழில் எடுத்துரைக்கட்டும். மற்றவர் சிறிய எண்களை இட்டுத் தாளிற் செய்து பார்க்கட்டும். மூன்றாமவர் நிரலை எழுதட்டும். அடுத்த கணக்கில் பணியை மாற்றிக்கொள்க. எழுதியவர் தடுமாறினால் இருக்கையை விட்டெழுந்து, தம் பிழையைத் தாளில் தேடுக. கணினி அடுத்தவருக்குப் பயன்படட்டும். வாரம் ஒருமுறை இவ்வாறு பயின்றாலே மாற்றம் தெரியும்.

நம் அயலிலேயே சான்றுண்டு. காலி வீதி வழியே தெற்கே சென்றால் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. பல நாட்டினர் கூடி ஆக்கும் திறந்த மென்பொருட்களில் மாணவரை ஈடுபடுத்தும் திட்டமொன்றைக் கூகிள் நிறுவனம் 2005 இல் தொடங்கியது. அதன் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரைத் தந்தது இப்பல்கலைக்கழகமே.

பெற்றோரே, உங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பிள்ளைகள் உரத்து வாதாடினால் அதட்டாதீர்கள். தேநீர் கொடுத்து, வாதம் முடியும்வரை பொறுத்திருங்கள்.