சுண்ணாம்பு வாளிக்கு முன்னே நோட்டுப் புத்தகம் போகட்டும்

தோழர்களே! பாறசாலை, செங்கல், காரோடு, தனுவச்சபுரம், குன்னத்துகால், வெள்ளறடை என்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லையோரம் முழுக்கப் பரந்து கிடக்கும் உறவுகளே!

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்கி வருகிறது. புல் செதுக்குவோம், பாசி சுரண்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் நாம் அடித்த அந்தச் சுண்ணாம்புதான் கல்லில் வெட்டிய எழுத்தைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்த இடத்தில் எழுத்தே இல்லை. புதுக் கல்லறை கட்டும்போது பழைய பலகைக் கல் உடைந்து அஸ்திவாரத்துக்குள் போகிறது. ஆகவே இந்த ஆண்டு ஒரே ஒரு வேண்டுகோள்: சுண்ணாம்பு வாளி கல்லறைத் தோட்டத்துக்குள் போகும் முன் நோட்டுப் புத்தகம் போகட்டும்.

அங்கே படுத்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1836-இல் திருவிதாங்கூர் அரசு மக்கள்தொகையைக் கணக்கெடுத்தபோது அடிமைகள் என்று எழுதப்பட்டவர்கள் 1,64,864 பேர். எண்ணிக்கை நமக்குக் கிடைத்தது, பெயர்கள் கிடைக்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனம் 1855-இல்தான் வந்தது. தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, கிழிபட்டு, கடைசியில் அரச ஆணை பிறந்தது 1859 ஜூலை 26-இல். தலைவரி கட்டியவர்களும், ஊழியம் என்ற பேரில் கூலியின்றிச் சுமை சுமந்தவர்களும், அந்தத் தோள்சீலையை விட்டுக்கொடுக்காத பெண்களும்தான் நம் கல்லறைத் தோட்டங்களின் முதல் குடிகள். அரண்மனை ஏட்டில் தலைக்கணக்காக இருந்தவர்களுக்குத் தம் பெயர் எழுத்தாய்க் கிடைத்த முதல் இடங்கள் இரண்டு: ஒன்று சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, மற்றது கல்லறைக் கல். நிலப் பட்டா பார்க்காத கைகளுக்கு அந்த ஆறடி மண்தான் முதல் பட்டா.

1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்ததைப் புத்தகங்கள் சொல்கின்றன. பாறசாலையில் மிஷனரியாக இருந்த ஜான் அப்ஸ் தம் 22 ஆண்டு அனுபவத்தை 1870-இல் நூலாக்கினார். மிஷனரி சாமுவேல் மெட்டீரும் திருவிதாங்கூரைப் பற்றி எழுதினார். லண்டன் மிஷன் சங்கத்தின் கடிதக் கட்டுகள் லண்டன் சோவாஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. உதயகிரிக் கோட்டையில் 1777-இல் இறந்த திருவிதாங்கூர்த் தளபதி டி லனாயின் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இன்றும் இருக்கின்றன. அவர்கள் நினைவு காக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நம் சபைக் கோயில்களுக்கு மண் சுமந்தவர்களின் கல் ஐப்பசி மழையில் கரைந்துகொண்டிருக்கிறது. அதை நாம் எழுதாவிட்டால் லண்டனிலிருந்து யாரும் வந்து எழுதப்போவதில்லை.

இன்னொரு காயமும் நமக்கு உண்டு. நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளைத் தாலுகாக்கள் தமிழகத்தின் பக்கம் போயின, நாம் கேரளத்தின் பக்கம் நின்றோம். 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையும் தென்கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டு பேராயமானது. அண்ணன் கல்லறை களியக்காவிளைக்கு அப்பால், தங்கை கல்லறை பாறசாலைக்கு இப்பால். என் மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். கொள்ளுப்பாட்டியின் கல்லைத் தடவிப் பார்த்து, “இதுல என்ன எழுதியிருக்கு அப்பா?” என்று கேட்டாள். நான் வாசித்துச் சொன்னேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த நம் தலைமுறை கண்மூடுவதற்குள் இந்த வேலை முடிய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்? காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். மங்கிய எழுத்தின் பள்ளம் அப்போதுதான் நிழலாய்த் தெரியும். மென்மையான தேங்காய் நார், வெறும் தண்ணீர், இவை போதும். அமிலம் வேண்டாம், கம்பி வேண்டாம். முதலில் முழுக் கல்லையும், பிறகு எழுத்தை மட்டும் படமெடுங்கள். கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள், பிழையைத் திருத்தாதீர்கள். கொல்லம் ஆண்டு இருந்தால் ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்டுங்கள். கல்லில் ஆவணி 1074 என்றிருந்தால் அது 1898.

பெயரோடு விளைப்பெயர், வீட்டுப்பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் நான்கையும் கேட்டெழுதுங்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியவர் உண்டு, படிப்புக்குப் பணம் அனுப்பிய வெள்ளைக்காரரின் பெயரைத் தாங்கியவரும் உண்டு. வீட்டுப்பெயர் இல்லாமல் அவர்களின் வம்சக்கொடியைத் தொடர முடியாது. “இன்னார் மனைவி” என்று மட்டும் இருந்தால், அந்த அம்மாவின் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டுக் கண்டுபிடியுங்கள். வேதப்புத்தகத்தின் முதல் தாளில் தாத்தா எழுதிய பிறப்பு, இறப்புத் தேதிகளையும் படமெடுங்கள்.

கல்லே இல்லாத மண்மேடுகளை விட்டுவிடாதீர்கள். கல் வாங்கக் காசில்லாதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வீட்டு விளையில் அடக்கமானவர்களையும் எழுதுங்கள். நிலம் பாகம் பிரிந்து கைமாறினால் அந்த மேட்டின் மேல் ரப்பர் நிற்கும். எந்தச் சாதி, எந்தச் சபை, எந்த வழிபாடு என்று பார்த்து எழுதினால் பழைய வேலியை நாமே மறுபடி கட்டியவர்கள் ஆவோம்.

1860-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வேரைத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் காட்ட நம்மிடம் ஒரு பட்டியல் வேண்டாமா?

வாலிபர் சங்கத் தம்பிகளே, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ் ஆசிரியர்களே! ஒரு குழுவில் தமிழ் வாசிப்பவர் ஒருவர், மலையாளம் எழுதுபவர் ஒருவர், ஊர்க்கதை தெரிந்த முதியவர் ஒருவர், இப்படி மூவர் போதும். எழுதியதை மூன்று பிரதி எடுங்கள்: சபைக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவுக்கு ஒன்று.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாதீர்கள். நோட்டும் பேனாவுமாய்க் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வாருங்கள். முதல் வரிசையிலிருந்து தொடங்குவோம்.