"சுயேச்சை" என்ற பட்டமும் குதிரைச் சீமான்களும்

குதிரைப் பந்தயம் என்று கண்டதும், சம்பள நாளன்று பந்தயத்தில் பணம் கட்டிக் குடும்பத்தைத் தெருவில் விட்ட கதைதான் வரப்போகிறது என்று தோழர்கள் நினைக்கலாம். அந்தக் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பந்தய மைதானத்தில் இன்னொரு மனிதன் இருக்கிறான். அவனுக்குக் குதிரை கிடையாது. பந்தயம் கட்டவும் அவன் வரவில்லை. மண்ணில் மண்டியிட்டுப் போட்டோ பிடிக்க வந்தவன். அவன் பிழைப்பைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு, இவன் நம்மவனா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பத்திரிகைகளில் மாதச் சம்பளத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. அவர்கள் தொகை வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறது. மற்றவர்கள் சொந்தக் காமிரா, சொந்த ரயில் சார்ஜ், சொந்தச் சாப்பாடு என்று போய் நிற்பவர்கள். படம் விற்றால் காசு, விற்காவிட்டால் பட்டினி. இவர்களுக்குத்தான் "சுயேச்சைப் புகைப்படக்காரர்" என்று பெரிய பட்டம்! "அவருக்கென்ன ஐயா குறை? மேஸ்திரி இல்லை, சங்கு ஊதுவதில்லை, உலகத்துப் பெரிய பந்தயத்தையெல்லாம் ஓசியில் பார்க்கிறார்" என்று பேசுகிற புத்திசாலிகளுக்கும் பஞ்சமில்லை.

அந்தச் சுயேச்சையின் லட்சணத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற நகரம். அங்கே சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் 1875 முதல் கென்டக்கி டெர்பி என்ற பந்தயம் நடக்கிறது. மே மாதத்து முதல் சனிக்கிழமை என்பது வழக்கம். ஒன்றேகால் மைல் ஓட்டம். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிஷத்தைப் பார்க்க ஒன்றரை லட்சம் ஜனங்கள் கூடுவார்கள். 2024ல் நடந்த 150வது டெர்பிக்குப் பரிசுத் தொகை 50 லட்சம் டாலர். அந்த ஒரு ஓட்டத்தின் மேல் ஜனங்கள் கட்டிய பந்தயப் பணமோ 20 கோடி டாலருக்கு மேல்.

படக்காரருக்கு அன்று பொழுது விடியும்போதே வேலை தொடங்கிவிடும். ஓடுபாதையின் உள்பக்க வேலிக்கு அடியில், தரையோடு தரையாகக் காமிராக்களைப் பொருத்தி வைப்பார்கள். ஒருவருடையது இருவருடையது அல்ல, டஜன் கணக்கில் வரிசையாக இருக்கும். மழைக்குப் பிளாஸ்டிக் உறை. முடிவுக் கோட்டில் குதிரை வந்தால் எங்கே தெளிவாக விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, லென்ஸ் அசையாமல் டேப் ஒட்டி விடுவார்கள். பிறகு தூரத்தில் நின்று, ரேடியோ விசையை அமுக்கி அதை இயக்க வேண்டும். பெரிய ஓட்டமோ மாலையில்தான். அதுவரை அந்தக் காமிரா சேற்றில் கிடக்கும். அதன் விலை அவருடைய பல மாத வருமானம்!

இந்த வேலிக்கடி வித்தைக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1933 டெர்பியில் புரோக்கர்ஸ் டிப், ஹெட் பிளே என்ற இரண்டு குதிரைகள் ஒட்டி ஓடி வந்தபோது, மேலே இருந்த ஜாக்கிகள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்து இழுத்துச் சண்டை போட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையின் படக்காரர் வாலஸ் லோரி வேலிக்கடியில் படுத்தே அந்தப் படத்தை எடுத்தார். அன்று மனிதன் படுத்த இடத்தில் இன்று காமிரா படுத்திருக்கிறது.

இரண்டு நிமிஷத்தில் ஒன்றேகால் மைல் என்றால் வினாடிக்கு 16, 17 மீட்டர் வேகம். வினாடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரமே காமிராவின் கண் திறந்தாலும், அதற்குள் குதிரை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தப்பினால் அடுத்த சந்தர்ப்பம் அடுத்த வருஷம். வெளிப்பக்கமாக ஓடி வந்த குதிரை ஜெயித்து, உள்பக்கக் குதிரை அதை மறைத்துக்கொண்டால் அவர் கதை முடிந்தது. ஆலையில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். இங்கே முடிச்சுப் போடவும் வழியில்லை.

சரி, ஜெயித்த குதிரையைப் பிடித்துவிட்டார், பிழைத்தார் என்கிறீர்களா? 2019ல் நடந்ததைக் கேளுங்கள். மேக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். அது மற்றக் குதிரைகளின் வழியில் குறுக்கிட்டது என்று புகார் வந்தது. 20 நிமிஷத்துக்கு மேல் விசாரித்து, இரண்டாவது வந்த கன்ட்ரி ஹவுஸ்தான் ஜெயித்தது என்று அறிவித்தார்கள்! ஜெயித்த குதிரை என்று ஓட்டம் முழுவதும் முன்குதிரையையே குறிவைத்தவர் கதியை நினைத்துப் பாருங்கள். நஷ்டம் யார் தலையில்? குதிரைச் சொந்தக்காரனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, கம்பெனிக்கு டிக்கெட் பணம் உண்டு.

படத்தின் மதிப்பு முதலாளிகளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 டெர்பியில் மூன்று குதிரைகள் மூக்கோடு மூக்காக வந்தன. யார் முந்தியது என்று தீர்ப்புச் சொன்னது முடிவுக் கோட்டுப் போட்டோதான். மிஸ்டிக் டான் முதல் என்றது போட்டோ. முதல் பரிசு 31 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 10 லட்சம். ஒரே படம், 21 லட்சம் டாலரை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிவிட்டது. அந்தக் காமிரா மைதானத்தின் காமிரா. அதற்கு இவ்வளவு மரியாதை! வேலிக்கடியில் கிடக்கிற காமிராக்காரர் மட்டும் பாஸுக்குக் கைகட்டி நிற்க வேண்டும். உள்ளே விடுவதும் விடாததும் மைதானத்தை நடத்துகிறவர்கள் இஷ்டம். எங்கே நிற்கலாம், படத்தை எதற்கு விற்கலாம் என்பதற்கெல்லாம் அவர்கள் நிபந்தனை போடுவார்கள். காமிரா இவருடையது, கேட் அவர்களுடையது. நமது ஆலை வாசலில் விடியற்காலையில் போய், இன்றைக்கு வேலை உண்டா என்று காத்து நிற்கிற பதிலித் தொழிலாளி இந்தச் சுயேச்சையை நன்றாக அறிவார்.

எந்தப் படம் விலை போகும் என்பதையும் அவரா தீர்மானிக்கிறார்? பூவும் இறகும் வைத்த தொப்பி போட்ட சீமாட்டிக்கு விலை உண்டு. குதிரைக்குத் தண்ணீர் காட்டி, சாணி அள்ளி, லாயத்துப் பக்கத்திலேயே படுத்துறங்குகிற தொழிலாளிக்கு விலை இல்லை. அந்தத் தொழிலாளரில் ஏராளமானோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். 1875ல் முதல் டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பின மக்கள். அவர்களை அந்தத் தொழிலை விட்டே விரட்டிய பிறகுதான் காமிராக்கள் பெருகின.

இதெல்லாம் இன்றைக்கு முளைத்த அநியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடுகிற குதிரையை முதன்முதலாகத் தெளிவாகப் படம் பிடித்த மனிதனுக்கே இந்தக் கதிதான் நேர்ந்தது.

அவர் பெயர் எட்வர்டு மைபிரிட்ஜ். 1830ல் இங்கிலாந்தில் பிறந்து, கலிபோர்னியாவில் படம் எடுத்துப் பிழைத்தவர். அவருக்கு வேலை கொடுத்தவர் லீலண்ட் ஸ்டான்போர்டு. இந்தச் சீமான் யார் தெரியுமா? சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் தலைவர். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மலையை வெடிவைத்துப் பிளந்து போட்ட பாதை அது. 1867ல் அவர்கள் வெள்ளைத் தொழிலாளிக்குள்ள கூலியைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி சாப்பாட்டு வண்டியை நிறுத்தியது! ஒரு வாரத்தில் பட்டினி அவர்களை மடக்கியது. அப்படிச் சேர்ந்த பணத்தில் வளர்ந்தவை ஸ்டான்போர்டின் பந்தயக் குதிரைகள்.

ஓடும்போது குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா என்பது அந்தக் காலத்துச் சீமான்களின் விவாதம். 1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோவில் ஸ்டான்போர்டின் பண்ணையில் மைபிரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். குதிரை ஓட ஓட ஒவ்வொரு காமிராவும் தானாகத் திறந்து மூடியது. நான்கு காலும் தரையை விடுவது படத்தில் விழுந்தது. அதுவும் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தது போலக் கால்கள் நீண்டிருக்கும்போதல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது!

1882ல் ஸ்டான்போர்டு இதையெல்லாம் ஒரு பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். ஆசிரியர் என்று அட்டையில் போட்டது தம் நண்பரான ஒரு டாக்டரின் பெயரை. மைபிரிட்ஜின் பெயர் முகப்புப் பக்கத்திலே இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையைப் பிரசுரிக்க இருந்தது. பெயரில்லாத புத்தகத்தைக் கண்டதும் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது. மைபிரிட்ஜ் ஸ்டான்போர்டு மேல் வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஸ்டான்போர்டு 1885ல் அமெரிக்க செனட் சபைக்குப் போனார்.

"காமிராவுக்குப் பணம் போட்டது அவர், குதிரை அவருடையது, படமும் அவருடையதுதானே?" என்று வக்கீல் பேசுவோர் உண்டு. பணம் போட்டது உண்மை. மின்விசை அமைக்க அவருடைய ரயில்வே இன்ஜினீயர் ஒருவர் உதவியதும் உண்மை. தறியும் நூலும் முதலாளியுடையது என்பதால் நெய்ததும் முதலாளிதான் என்று ஆகுமா? மைபிரிட்ஜ் பெயரை அச்சிட ஸ்டான்போர்டுக்கு ஒரு காசு கூடச் செலவாகியிராது. அந்தக் காசில்லாத சங்கதியைக் கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை!

தோழர்களே, இது அமெரிக்கக் கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் நாட்டின் 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் சொந்தக்காரர் பணம் கொடுத்தவரே! படம் எடுத்தவர் அல்ல. வெள்ளைக்காரன் சட்டத்தைப் பார்த்து எழுதிய விதி இது. அந்த வெள்ளைக்காரனே 1988ல் தன் நாட்டில் இதை மாற்றி, எடுத்தவருக்கே முதல் உரிமை என்று சட்டம் செய்துவிட்டான். அங்கே பத்திரிகைத் தொழிலாளர் சங்கத்தில் சுயேச்சைப் படக்காரர்களும் உறுப்பினராக இருக்கிறார்கள்.

இங்கே கல்யாண வீட்டிலும் பந்தய மைதானத்திலும் தோளில் காமிராவோடு நிற்கிறவர்கள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்குப் போகிறார்கள். 17வது பிரிவில் போட்டோவைக் குறிக்கிற அந்த வார்த்தையை நீக்க வேண்டும், படம் வருகிற இடத்தில் எடுத்தவர் பெயர் வர வேண்டும், ரத்தான வேலைக்கும் வழிச் செலவு தர வேண்டும். இந்த மூன்றையும் அவர்கள் சங்கம் வைத்துக் கேட்கட்டும். கேட்கிற அன்று, ஆலை வாசலில் நிற்கிற பதிலித் தொழிலாளியையும் கூப்பிடட்டும்.