ஆடலும் அவரவர் சுவையும்

கலைக்கு வேலி கட்ட இயலாது. 1983ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பில்லி ஜீன்' பாடலுக்கு மைக்கேல் ஜாக்சன் ஆடினார். முன்னே நடப்பதுபோல் தோன்றிப் பின்னே சறுக்கிச் சென்ற அந்த அடி, 'மூன்வாக்' என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் அவ்வாட்டத்தின் வீச்சைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு சேர்த்தவர் பிரபுதேவா. 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'முக்காலா' ஆட்டத்தைப் பார்த்து ஆடிப் பழகாத இளைஞர் அந்நாளில் அரியர்.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆண்டு விழா நெருங்கும்தோறும், "இது நம் மண்ணுக்கு ஒவ்வாத கூத்து" என்று பெரியோர் முகம் சுளிக்கின்றனர். "கும்மியும் நாகசுரமும் யாருக்கு வேண்டும்?" என்று மாணவர் நகைக்கின்றனர். இரு சாராரும் தம் சுவையையே கலையின் அளவுகோலாகக் கொள்கின்றனர். அளவுகோல் சுவையன்று, பயிற்சியே என்பது என் துணிபு.

ஜாக்சனின் புகழ்பெற்ற அந்த அடி அவர் ஒருவரின் படைப்பன்று. பில் பெய்லி என்னும் கலைஞர் அவ்வாறு சறுக்கி ஆடும் காட்சி 1955ஆம் ஆண்டுப் படமொன்றிலேயே உண்டு. தெருவில் ஆடிய இளைஞரிடமும் அதனை ஜாக்சன் கற்றார். 1988இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றை, முந்தைய தலைமுறையின் ஆடற்கலைஞரான பிரெட் அஸ்டேருக்குக் காணிக்கையாக்கினார். பிரபுதேவாவோ நடன ஆசிரியர் சுந்தரத்தின் மைந்தர். பரதம் முறையாகப் பயின்றவர். அடித்தளம் உறுதியாக இருந்தமையால் அயல்நாட்டு ஆட்டம் அவரிடம் வெறும் போலியாகாமல் புதுக்கோலம் பூண்டது. 'மின்சார கனவு' படத்தின் நடன அமைப்புக்குத் தேசிய விருதும் கிட்டியது.

இவ்வுண்மை தமிழுக்குப் புதிதன்று. மாதவி ஏழாண்டு பயின்ற பின்னரே அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்நூல் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரு திறமாகச் சுட்டுகிறது. அரசவையில் ஆடிய மாதவிக்கு ஒரு காதை அமைத்த இளங்கோவடிகள், ஆயர் மகளிரின் குரவைக்கும் குன்றக் குறவரின் குரவைக்கும் தனித்தனியே இடம் தந்தார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரில்லை. திணைதோறும் பறையும் யாழும் வேறுபடும் என்றது தொல்காப்பிய மரபு. நிலம் வேறாயின் இசை வேறாகும். தலைமுறை வேறாயின் சுவையும் வேறாகும்.

சுவை பிறப்பினால் வருவது என்பாரும் உளர். ஆந்திர மாநிலம் கரவதியில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சை நாகசுரப் பாணியை விரும்பிக் கற்றுத் திருவரங்கத்தில் குடியேறினார். 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருடைய சுவையைப் பிறப்பா தீர்மானித்தது? பயிற்சியன்றோ!

பெரியோர்களே! ஆட்டம் எந்நாட்டிலிருந்து வந்தது என வினவாதீர்கள். உடையும் அசைவும் கண்ணியமானவையா, உழைப்புத் தெரிகிறதா என வினவுங்கள். அவ்வினா கும்மிக்கும் பொருந்தும், மேலையாட்டத்திற்கும் பொருந்தும்.

மாணவச் செல்வங்களே! கைப்பேசியைப் பார்த்து மூன்று நாளில் பழகி மேடையேறுவது ஜாக்சனைப் பின்பற்றுவதாகாது. அவர் சிறுவனாகவே மேடை ஏறி உழைத்தவர். நம் கொங்கு மண்ணின் வள்ளி ஒயில் கும்மியைக் காலமெல்லாம் கற்பித்த முதியவர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெண்களுக்கும் அதனைக் கற்பித்த பெருமை அவருக்குண்டு. அவருடைய கோவை மாவட்டம் நமக்குத் தொலைவன்று. ஜாக்சனை அறிந்த நீங்கள் அவரையும் அறிதல் வேண்டும்.

ஒரே மேடையில் இரண்டும் ஆடப்படட்டும். பிறர் சுவையைப் பழியாது பார்க்கப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதியே.