பாலத்தின் இரு முனைகள்

மாளிகாவத்தை வாசிகளுக்குப் புகையிரத ஓசையும் கால்வாய்க் காற்றும் புதியனவல்ல. தண்டவாளமும் கால்வாயும் ஊரை அறுத்துச் செல்லும் இத்தகைய இடங்களில், பாலம் என்பது வீட்டு வாசற்படியின் நீட்சியே எனலாம். அந்தப் பாலம் பழுதுற்றுவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் அக்கம்பக்கத்தவர் கலங்குவதேன் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

பாலங்களுக்கும் ஆயுள் உண்டு. நமது களனி ஆற்றையே பாருங்கள். 1822 இல் ஓடங்களைப் பிணைத்துப் பலகையிட்ட மிதவைப் பாலம். 1895 இல் விக்டோரியா இரும்புப் பாலம். 1959 இல் புதிய களனிப் பாலம். 2021 நவம்பரில் வடங்கள் தாங்கும் பெரும் பாலம். மாட்டு வண்டிக்கெனக் கட்டிய பாலத்தின் மேல் இன்று சீமெந்து மூடை ஏற்றிய லொறி ஓடுகிறது. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது. ஆகவே, பழுதான பாலத்தை மாற்றக் கூடாதென வாதிடுவதற்கு நாம் உடன்படோம். எவ்வாறு மாற்றுவது என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடப் பம்பாய் நகருக்குச் செல்வதே தகும். புகையிரதப் பாதைகள் அந்நகரை நீளவாக்கிற் பிளந்து கிடப்பதால், பழைய மேம்பாலங்களும் அவற்றால் வரும் வழக்குகளும் அங்கே மலிந்துள்ளன.

அங்கு பைகுலா, சாண்ட்ஹர்ஸ்ட் வீதி ஆகிய நிலையங்களுக்கு இடையே, 1879 இல் முதலிற் கட்டப்பெற்ற ஹாங்கொக் பாலம் இருந்தது. வலுவிழந்ததோடு, மின்சார வண்டிகளின் கம்பிகளுக்குப் போதிய உயரமற்றதாகவும் இருந்த அதனை 2016 ஜனவரியில் இடித்தார்கள். இடிப்பதற்கு ஒரு நாள் கூடத் தேவைப்படவில்லை. புதிய பாலத்தின் ஒரு பகுதி திறக்கப்பட்டதோ 2022 ஆகஸ்டில்! இடையிட்ட ஆறரை ஆண்டுகள் அப்பகுதி மக்கள் என்செய்வார்? மாணவரும் முதியோரும் தண்டவாளத்தின் குறுக்கே நடந்தனர். உயிர்கள் பலியாயின. தற்காலிக நடைபாலமாயினும் வேண்டுமென்று உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. ஆபத்தான பாலத்தை அகற்றி அதனினும் ஆபத்தான பாதையைக் கொடுத்த கதை இது. கால்நடையாகச் செல்வோர்க்கு வழி அமைத்த பின்னரே பழைய பாலத்தில் முதற் சம்மட்டி விழ வேண்டும் என்போம். அதற்கு ஆகும் செலவு பாலத்தின் செலவில் ஒரு சிறு துளி.

தாமதத்திற்கு ஒரு காரணம், பாலத்தின் ஏறுபாதையை ஒட்டி நின்ற குடியிருப்புகள். இவ்விடத்தில் மாணவ வாசகர் சற்றுக் கணக்குப் போடலாம். முப்பது மீற்றர் சென்றால் ஒரு மீற்றர் உயரும் சரிவென்று கொள்வோம். மின்கம்பிக்காகப் பாலத்தை இரண்டு மீற்றர் உயர்த்தினால், ஏறுபாதை ஒவ்வொரு முனையிலும் அறுபது மீற்றர் நீள்கிறது. அந்த அறுபது மீற்றரில் எத்தனை வாசல்கள், எத்தனை கடைகள்! வீட்டை இடிக்காவிட்டாலும், ஜன்னலுக்கு நேரே மதிற்சுவர் எழும்பும். பிள்ளைகள் விளையாடிய ஒழுங்கை இருண்ட சந்தாகும். பாலத்தின் அழகிய வர்ணப் படத்தில் இவையொன்றும் தெரிவதில்லை. முனைகளை மறந்ததன் விளைவை அந்தேரியிற் கண்டார்கள். 2024 பெப்ரவரியில் அங்கு திறக்கப்பட்ட கோகலே பாலம், தன்னுடன் இணைய வேண்டிய பக்கத்து மேம்பாலத்தைவிட ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் மேலே நின்றது. பின்னர் அந்த மேம்பாலத்தை யந்திரங் கொண்டு தூக்கி இணைத்தார்கள். நகரமே சிரித்தது, செலவு என்னவோ சிரித்தவர்களுடையதுதான்.

இன்னுமொன்று. குறுகிய பழைய பாலம் தன்னையறியாமலே ஒரு காவலாளியாகவும் இருந்திருக்கும். பெருவண்டிகள் நுழைய இயலாமையால் தெரு அமைதியாயிருந்தது. நான்கு தடங்களுடன் அகன்ற பாலம் வந்ததும் அத்தெரு ஊருக்குப் பொதுவான நெடுஞ்சாலையாகிறது. பாலத்தை வலுவாகக் கட்டுவது வேறு. அகலமாகக் கட்டுவது வேறு. முன்னதற்குப் பொறியியலாளர் தீர்ப்பே போதும். பின்னதைத் தீர்மானிக்கும்போது குடியிருப்போரையும் கேட்க வேண்டும்.

கேட்டால் பயன் விளையுமா என்று ஐயுறுவோர் பம்பாய்ப் பிரபாதேவியைக் கவனிக்கலாம். நூறாண்டு கடந்த எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பதிலாக, உள்ளூர்ப் போக்குவரத்துக்குக் கீழ்த்தளமும் வொர்லி–செவ்ரி இணைப்புப் பாதைக்கு மேல்தளமுமாக அங்கே ஈரடுக்குப் பாலம் திட்டமிடப்பட்டது. முதலில் வரைந்த திட்டப்படி பத்தொன்பது கட்டிடங்கள் பாதிக்கப்பட இருந்தன. வரைபடத்தைத் திருத்தியபின் அத்தொகை இரண்டாகக் குறைந்தது. அவ்விரு கட்டிடங்களின் குடிகளும் வாளாவிருக்கவில்லை. 2025 ஏப்ரலில் அவர்கள் எதிர்த்து நின்றதனால் பாலத்தை மூடுவது தள்ளிப்போயிற்று. செப்ரெம்பரிலேதான் மூட முடிந்தது. அவர்கள் பாலம் வேண்டாமென்று கூறவில்லை. தொலைவில் எங்கோ அனுப்பிவிடாமல், தாம் வாழ்ந்த அதே பகுதியில் மாற்று வீடு தரவேண்டும் என்பதே அவர்கள் முன்வைத்த கோரிக்கை.