அறுபதுக்கு மேல் நடையும் மெல்லோட்டமும்: சாலையை விட்டு மைதானத்துக்கு

ஆட்டையாம்பட்டியில் அதிகாலையில் நடக்கும் மூத்தவர்கள் கூடிப் பேசி வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கை

அறுபது வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் விறுவிறுவென்று நடக்க வேண்டும். உடம்பு இடம் கொடுக்கிறவர்கள் மெல்ல ஓடவும் வேண்டும். இந்த இரண்டையும் சேலம்–திருச்செங்கோடு சாலையின் ஓரத்தில் செய்யக் கூடாது. ஊருக்குள் இருக்கிற பள்ளி மைதானங்களைத் தினமும் காலை ஐந்து முதல் ஏழு மணி வரை அதற்காகத் திறந்துவிட வேண்டும். எங்கள் நிலைப்பாடு இவ்வளவுதான். நடப்பது நல்லது என்றால் ஊரில் யாரும் மறுப்பதில்லை. ஓடுவது என்றால் சிரிக்கிறார்கள். மைதானம் என்றால் ‘பார்க்கலாம்ங்க’ என்கிறார்கள். அதனால் காரணங்களை எழுத்தில் வைக்கிறோம்.

‘தறியில நாள் முழுக்க நின்னு நடந்துட்டுத்தானுங்க இருக்கறோம், தனியா வாக்கிங் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. விசைத்தறிப் பட்டறையில் நான்கைந்து தறிகளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு ஷிப்டில் நடக்கிற தூரம் கொஞ்சமல்ல. ஆனால் அது நின்று நின்று நடப்பது. அறுந்த இழையை முடிய நாலடி, தார் மாற்ற இரண்டடி, பிறகு நிற்பது. மூச்சு வாங்குகிற அளவுக்கு ஒருமுறைகூட நெஞ்சுக்கு வேலை வருவதில்லை. மணிக்கணக்கில் நின்றதற்குக் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொண்டதுதான் பலருக்கும் மிச்சம். கைமுறுக்கு சுற்றும் பெண்களுக்கு விரலும் மணிக்கட்டும் ஓயாமல் உழைக்கின்றன. இடுப்பும் முட்டியும் உட்கார்ந்த இடத்திலேயே இறுகிப்போகின்றன. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கிறார்கள்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கண் மங்கி இழை தெரியாமல் போனதும் தறியை மகனிடம் விடுகிறார்கள், அல்லது விற்றுவிடுகிறார்கள். அன்றோடு இருந்த அசைவும் நின்றுவிடுகிறது. காலையில் செய்தித்தாள், மதியம் தூக்கம், மாலையில் டிவி. நாற்பது வருடம் உழைத்த உடம்பு என்ற நம்பிக்கையில் இரண்டே வருடத்தில் தொடைச் சதை கரைந்துவிடுவதைக் கவனிப்பதில்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் கால் பலம் போனது வீட்டாருக்குத் தெரிகிறது.

தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் பதினெட்டுப் பேராக இருப்பார்கள் என்பது மத்திய அரசின் மக்கள்தொகை நிபுணர் குழு போட்ட கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது, தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்றது. நாட்டின் சராசரி 11.4. அதே ஆய்வு வரிசையில், தமிழ்நாடும் சேர்ந்திருந்த முதல் கட்டத்தின் முடிவு 2014-ல் வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சரியாகச் சொன்னால் 54.4 சதவீதத்தினருக்கு, போதிய உடலசைவு இல்லை. வேலைக்கு வெளியே உடம்பை அசைப்பவர்கள் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை.

எவ்வளவு நடந்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் அசைவு வேண்டும் என்கிறது. தினம் அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 150 ஆகிவிடும். கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாள் சமநிலைக்கான பயிற்சி. நம் ஊரில் நடப்பவர்கள்கூட இந்தக் கடைசி இரண்டை விட்டுவிடுகிறார்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். டிவியில் விளம்பரம் ஓடுகிற நேரத்தில் முடித்துவிடலாம்.

தினம் பத்தாயிரம் அடி என்று செல்போன் சொல்கிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எண் மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னதல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. நடக்காத பாட்டி நாலாயிரம் அடி நடப்பதுதான் பெரிய காரியம். பத்தாயிரம் அடி நடப்பவர் பன்னிரண்டாயிரம் ஆக்குவது அவர் விருப்பம்.

இனி ஓட்டம். அறுபத்தைந்து வயதுக்காரர் வேட்டியை விட்டு டிராக் பேண்ட் மாட்டிக்கொண்டு ஓடினால், ‘எங்கீங்க, பஸ் போயிருச்சா?’ என்று டீக்கடையிலிருந்து குரல் வருகிறது. இந்தக் கேலிக்குப் பயந்தே பாதிப் பேர் ஓடுவதில்லை என்பது எங்கள் கணிப்பு. உலகில் மெல்லோட்டம் பரவியதில் பெரும்பங்கு வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1960-களின் தொடக்கத்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், ஓட்டத்துக்கே பழக்கமில்லாத நடுவயதினரை மெதுவாக ஓடப் பழக்கினார். மாரடைப்பு கண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1962-ன் இறுதியில் அங்கே போன அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அவர்களோடு ஓடிப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய ஒருவரோடுகூட அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஊர் திரும்பி ஓர் இதய மருத்துவருடன் சேர்ந்து 1967-ல் அவர் எழுதிய புத்தகம்தான் அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது.

வேகம் எவ்வளவு என்பதற்கு ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோவாகி தனாகா சொன்ன அளவுகோல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது: முகத்தில் சிரிப்பு மாறாமல், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். எட்டு குட்டையாக, பாதத்தின் முன்பகுதி முதலில் பட, கிட்டத்தட்ட நடக்கிற வேகத்திலேயே ஓடுவது. வேகமாக நடப்பவர் தாண்டிப் போனால் போகட்டும். முதல் இரண்டு மூன்று மாதம் நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. அந்த நிலையிலேயே ஆயுள் முழுக்க நின்றுவிட்டாலும் குறைவொன்றுமில்லை.

முட்டி தேய்ந்துவிடும் என்ற பயம் இந்த ஊரில் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரீஸ் குழுவினர், ஓட்டச் சங்கங்களைச் சேர்ந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களையும் ஓடாத அதே வயதினரையும் 1984 முதல் இருபது ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தொன்பது ஆண்டு முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவீதம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஓடியவர்களின் முட்டி மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை. ஏற்கெனவே திடமாக இருப்பவர்கள்தான் ஓட வருகிறார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஓடினால் முட்டி போய்விடும் என்ற பேச்சுக்கு அந்த எக்ஸ்ரேக்கள் இடம் தரவில்லை.

எல்லோரும் ஓடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நடக்கும்போதே நெஞ்சு கனப்பவர்கள், தலை சுற்றி விழுந்தவர்கள், முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், சர்க்கரையால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஓடக் கூடாது. மற்றவர்களும் ஆரம்பிக்கும் முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஓர் இ.சி.ஜி. பார்த்துக்கொள்வது நல்லது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள்; அவர்களிடம் கேட்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும், வெறுங்காலில் நடக்கக் கூடாது, வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நெஞ்சை அழுத்துவதுபோல் வலித்து அது தோளுக்கோ தாடைக்கோ ஏறினால், ‘வாயுவா இருக்கும்’ என்று சோடா வாங்கிக் குடிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது. அந்த மாதங்களில் சூரியன் ஏறும் முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடி வட்டாரத்திலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்து போகிறவர்களை எல்லோரும் அறிவோம். நம் ஊர்ப் பக்கமிருந்தும் பலர் நடக்கிறார்கள். அந்த நடையில் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் வருடம் முழுக்க வீட்டில் உட்கார்ந்துவிட்டுத் தை மாதத்தில் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடக்கிற அறுபது வயதுக்காரர், புரட்டாசியிலேயே தினம் அரை மணி நடக்கத் தொடங்கினால் முருகனுக்கு ஆட்சேபம் இருக்காது. முறுக்கைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும். நடந்து முடித்ததும் சர்க்கரை தூக்கலாக டீயும் ஒரு பொட்டலம் முறுக்குமாக உட்கார்ந்தால் நடந்த கணக்கு அங்கேயே நேராகிவிடும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

இதற்குமேல் எழுதப்போவதுதான் இந்த அறிக்கைக்கே காரணம்.

பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கினார். 2000-ல் லண்டன் மாரத்தான், 2011-ல் நூறு வயதில் டொரன்டோ மாரத்தான். நூறு வயதில் 42 கிலோமீட்டரைக் கடந்த அந்த உடம்பை முதுமை வீழ்த்தவில்லை. 2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் அருகே தன் சொந்த ஊரில் சாலையில் கார் மோதி 114 வயதில் இறந்தார். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ச் சாலையைக் காலை ஐந்தரை மணிக்குப் பாருங்கள். ரிக் வண்டி, சரக்கு லாரி, பால் வண்டி, கொஞ்ச நேரத்தில் திருச்செங்கோட்டுக் கல்லூரிப் பஸ்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணும் பள்ளமும். காது மந்தமானவர்கள் நம்மில் அதிகம். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்குப் பின்னால் வருகிற ஹாரன் கேட்பதில்லை. வேறு வழியில்லாமல் சாலையில்தான் நடந்தாக வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர் நிறச் சட்டையோடு, வரிசையாக நடங்கள். மூன்று பேர் கைகோத்துப் பேசிக்கொண்டு போவது சாலையில் வேண்டாம்.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. நடைபாதை வரட்டும், வரவேற்கிறோம். அதற்கு நிலம் எடுத்து, டெண்டர் விட்டு, கல் பதிப்பதற்குள் எங்களில் எத்தனை பேர் நடக்கிற நிலையில் இருப்போம் என்பது வேறு விஷயம்.

அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் தாமே நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் பேரூராட்சிக்காரர்கள் நடப்பதற்காகப் பஸ் ஏற வேண்டும். மூத்தவர்களுக்கு வேண்டியது எட்டுக் கிலோமீட்டர் நீளப் பாதை அல்ல. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய, மண் தரையுள்ள, வண்டி வராத ஒரு சுற்று போதும். அது பள்ளி மைதானங்களில் ஏற்கெனவே இருக்கிறது. காலை ஏழு மணி வரை அவை பூட்டிக் கிடக்கின்றன.

பூட்டி வைப்பதற்கும் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. யாரோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டிலைப் பிள்ளைகள் வருமுன் பொறுக்க வேண்டியவர்கள் பள்ளி ஊழியர்கள்தான். தினமும் பத்திருபது பெரியவர்கள் நடமாடும் இடத்தில் அந்தத் தொல்லை குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. மைதானத்துக்கு நான்கு விளக்கு வேண்டும். கழிப்பறை ஒன்றையும் திறந்துவிட வேண்டும். புராஸ்டேட் தொல்லையுள்ள ஆண்களும், பிரசவங்களுக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாத பெண்களும் நடக்க வராததற்குக் கழிப்பறை இல்லாததுதான் காரணம். வெட்கத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை. பெண்கள் இருட்டில் தனியே வரத் தயங்குவதற்குச் சங்கிலிப் பறிப்புப் பயமும் தெருநாய்ப் பயமும் உண்டு. மதில் சூழ்ந்த, வெளிச்சமுள்ள மைதானம் இந்த இரண்டையும் பெருமளவு தீர்க்கும்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் பேரூராட்சிக்கும் நாங்கள் தரும் உறுதி இது. சாவியை வாங்கி ஐந்து மணிக்குத் திறப்பதும் ஏழு மணிக்குப் பூட்டித் திருப்பித் தருவதும் எங்கள் பொறுப்பு. வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்துக்கொள்வோம். கழிப்பறையைக் கழுவுவதும் அந்த இருவர் வேலையே. வகுப்பறைப் பக்கம் யாரும் போக மாட்டோம், வண்டிகளை வாசலுக்கு வெளியே நிறுத்துவோம். மாணவர்கள் பயிற்சிக்கு வந்தால் உள்வட்டம் அவர்களுக்கு, வெளிவட்டம் எங்களுக்கு. தேர்வு நாட்களிலும், பள்ளி வாக்குச்சாவடியாகும் நாட்களிலும் மைதானம் கிடையாது என்றால் முந்தின நாள் மாலை வாசல் பலகையில் எழுதிவிட்டால் போதும்.