பிராசசர் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்



2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. தொண்டாமுத்தூர் வீட்டில் என் டெஸ்க்டாப் இன்டெல் 7-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை வேண்டும்.

"பிராசசர மட்டும் மாத்துனாப் போதுங் சார்" என்றார் ஒரு கடைக்காரர். பென்ஷன் பணத்தில் வாங்கினேன். இரண்டும் 1151 சாக்கெட்தான், பொருந்தியது, ஓடவில்லை. பழைய மதர்போர்டின் சிப்செட் புதியதை ஏற்காதாம். பணமும் திரும்பவில்லை.

"தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீங்க" என்று உங்களுக்குச் சொன்ன நான், "என் போர்டுக்கு ஆகுமா?" என்று கேட்கவில்லை. தவறு என்னுடையதும்தான்.

பழைய பிராசசரையே மாட்டி லினக்ஸ் போட்டேன். கேரள அரசுப் பள்ளிகளில் அதுதான். பேத்தி அதில் படிக்கிறாள். ஓடுகிற கம்ப்யூட்டரைக் குப்பையில் போடாதீங்க கண்ணுகளா. போர்டின் மாடலைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் சரிபார்த்தபிறகு காசைக் கொடுங்க.